பொத்தானின் பெயரும் செயலும்: ஒரு மறுப்புரை

கணினிச் செய்நிரலாக்கம் பயிலும் மாணவரிடையேயும், அதனைப் பயிற்றுவிப்போர் சிலரிடையேயும் ஒரு கருத்து வேரூன்றியிருக்கக் காண்கின்றோம். தரவுகளை ஒழுங்குபடுத்தலும், கணிப்புமுறைகளை வகுத்தலும், தரவுத்தளங்களை அமைத்தலுமே செய்நிரலாளரின் அறிவு செல்லவேண்டிய துறைகள். திரையிலே தோன்றும் பொத்தானின்மீது எச்சொல்லைப் பொறிப்பது என்பது வெறும் ஒப்பனை. அதனை ஈற்றில், நேரமிருப்பின், எவரேனும் கவனித்துக்கொள்ளலாம். தமிழாக்கம் அதற்கும் பின்னர் வரலாம் என்பதே அக்கருத்து. அண்மையிற் கருத்தரங்கொன்றில் இதனை ஒருவர் வெளிப்படையாகவே கூறக் கேட்டேன். அவையிற் பலர் தலையசைத்தனர். இக்கருத்து பிழையானது, தமிழிலே செய்நிரல் அமைக்க முனைவோரைப் பொறுத்தவரையில் தீங்கானதுமாகும். பொத்தானுக்குரிய சொல்லைத் தேர்தலும், அச்சொல்லை அதன் செயலோடு பொருத்துதலும் செய்நிரலாக்கத்தின் உட்பகுதியே என நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் இப்பொருளுக்கு இடமுண்டோ என ஐயுறுவோர், வினாவும் விடையும் எமது இலக்கணத்திற் பெற்றுள்ள இடத்தைச் சற்று எண்ணிப் பார்ப்பாராக.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் தாயாரை மாதாந்தக் கிளினிக் ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பதிவுமேசையிலிருந்த இளைஞர் அவருடைய பதிவைத் திறந்து அடுத்த திகதியைப் பார்த்துச் சொன்னார். பின்னர் அச்சாளரத்தை மூடுவதற்காகக் கீழிருந்த ‘இரத்து’ என்னும் பொத்தானை அழுத்தினார். ‘இரத்துச் செய்ய விரும்புகிறீர்களா?’ என ஒரு பெட்டி தோன்றிற்று. அதன்கீழ் ‘ஆம்’, ‘இல்லை’ என இரு பொத்தான்கள். அவர் ‘ஆம்’ என்றார். நான் அருகில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டுதானிருந்தேன். எனக்கும் அதிற் பிழையெதுவும் தோன்றவில்லை. அடுத்த மாதம் சென்றபோது பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை. ஏனைய சாளரங்களில் ‘இரத்து’ என்பது பார்த்ததை விட்டு வெளியேறுவதைக் குறித்தது. அந்த ஒரு சாளரத்தில் மட்டும் நோயாளிக்குக் கொடுத்த திகதியையே நீக்குவதைக் குறித்தது. மேலதிகாரி அவ்விளைஞரைப் பலர் முன்னிலையிற் கடிந்துகொண்டார். “நான் மூடத்தானே சேர் அமத்தினனான்” என்பதைத் தவிர அவரால் வேறெதுவும் சொல்ல முடியவில்லை. ஆறு கிழமைகள் கழித்தே புதிய திகதி கிடைத்தது. கடிந்துகொள்ளப்பட வேண்டியவர் அவ்விடத்தில் இருக்கவில்லை என்பதே அன்று எனக்குத் தோன்றியது. அவர் எங்கோ ஓரிடத்தில், ‘சொல்லில் என்ன இருக்கின்றது’ எனக் கூறிக்கொண்டு அடுத்த செய்நிரலை எழுதிக்கொண்டிருந்திருப்பார்.

‘ஆம்’, ‘இல்லை’, ‘சரி’, ‘இரத்து’ என்னும் இந்நாற்சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சிறிது நோக்குதல் தகும். விண்டோஸ் இயங்குதளத்திலே செய்நிரலாளர் ஒருவர் பயனரிடம் ஒன்றை வினவ விரும்பினால், மெசேஜ்பொக்ஸ் என்னும் ஆயத்தமான செயற்கூற்றை ஒரே வரியில் அழைத்துவிடலாம். வினாவை அவர் தம் விருப்பப்படி எழுதலாம். விடைகளை எழுத முடியாது. முன்னரே வகுக்கப்பட்ட ஏழு தொகுதிகளுள் ஒன்றையே தெரிதல் வேண்டும்: ‘ஆம், இல்லை’ ஒன்று, ‘சரி, இரத்து’ ஒன்று, ‘கைவிடு, மீள்முயற்சி, புறக்கணி’ இன்னொன்று, இவ்வாறே ஏனையவும். அழுத்தப்பட்டது எது என்பது செய்நிரலுக்கு ஓர் எண்ணாகத் திரும்பிவரும். ‘ஆம்’ எனில் 6, ‘இல்லை’ எனில் 7. இவ்வெளிமைக்கு நாம் அடிமைப்பட்டோம். விடைகளை மாற்ற இயலாதபோது, விடைக்கேற்ப வினாவை வளைக்கத் தொடங்கினோம். ‘சேமிப்பதாயின் ஆம் என்பதையும், சேமியாது வெளியேறுவதாயின் இல்லை என்பதையும், திரும்பிச் செல்வதாயின் இரத்து என்பதையும் அழுத்தவும்’ என்றவாறான வாக்கியங்களை நாம் யாவரும் கண்டுள்ளோம். பொத்தானில் இருக்கவேண்டிய மூன்று சொற்களை அங்கு இடாது, அவற்றை விளக்கும் அகராதி ஒன்றைப் பெட்டிக்குள் இட்டு, அதனைப் பயனர் மனனஞ்செய்து விடையளிக்கவேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

இத்தொகுதிகளின் போதாமையைச் செய்நிரலாளர் உணராமலில்லை. பெட்டி திரையில் தோன்றுமுன் அதனை இடைமறித்து, 6 என்னும் எண்ணுடைய பொத்தானைத் தேடிப்பிடித்து, அதன் எழுத்தை மாற்றிவிடும் தந்திரமொன்று நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வந்தது. பொத்தானிலே ‘அழி’ என்றிருக்கும். செய்நிரலுக்கோ ‘ஆம்’ என்னும் 6 திரும்பிவரும். பின்னர் 2007 இற் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டாவுடன், பொத்தானின் எழுத்தையும் எண்ணையும் செய்நிரலாளரே கொடுக்கக்கூடிய டாஸ்க் டயலொக் என்னும் பெட்டி அறிமுகமாயிற்று. ஜாவாவின் சுவிங் தொகுதியிலோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, வேண்டிய விடைகளை ஒரு வரிசையாக எழுதிக்கொடுக்கும் வசதி இருந்தது. கியூட் என்னும் தொகுதியிற் பொத்தானின் சொல்லோடு, அது ஏற்பதா, மறுப்பதா, அழிப்பதா என்னும் பண்பையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஆகவே, கருவி இல்லை என்னும் சாட்டு இன்று செல்லாது. கருவி உண்டு. ஒரு வரியில் முடிவதை ஐந்து வரியில் எழுதும் மனம்தான் இல்லை.

‘சரி’ என்பதன் மூலமான ‘ஓகே’ பொத்தானுக்கு வந்த கதையும் சுவையானது. 1983 இல் வெளிவந்த அப்பிள் நிறுவனத்தின் லீசா கணினி உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், உரையாடற்பெட்டிகளில் ‘செய்’ எனப் பொருள்படும் ‘டூ இற்’ என்னும் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. லரி டெஸ்லர் நடத்திய பயனர் சோதனைகளின்போது ஒருவர் சினமுற்றாராம். இரு சொற்களுக்கும் இடையிலிருந்த வெளியைக் கவனியாமையால் அவர் அதனை ‘டோல்ற்’, அதாவது மடையன், என வாசித்துவிட்டார். கணினி தம்மை ஏன் இகழ்கின்றது என்பது அவர் வினா. அதன் பின்னரே ‘ஓகே’ இடம்பெற்றது என மக்கின்டோஷ் கணினியை ஆக்கிய குழுவிலிருந்த அன்டி ஹேட்ஸ்ஃபெல்ட் பதிவு செய்துள்ளார். எழுத்துருவின் ஒரு சிறு குறைபாட்டால் ஆங்கிலத்திலே வினைச்சொல் ஒன்று விலகி, வெறும் இசைவுச்சொல் ஒன்று அமர்ந்தது. அதனை உலகப் பொதுவிதியெனக் கொண்டு தமிழிலும் ‘சரி’, ‘சரி’ என எழுதிக்கொண்டிருக்கின்றோம். அதே அப்பிள் நிறுவனத்தின் வடிவமைப்பு நெறிகள் பிற்காலத்தில் வினைச்சொற்களுக்கே திரும்பின. ‘சேமி’, ‘சேமியாதே’, ‘இரத்து’ என்னும் மூன்று பொத்தான்கள் அங்கு வழக்காயின. நாம்தான் திரும்பவில்லை.

இனித் தமிழின் இயல்பை நோக்குவோம். பவணந்தி முனிவர் நன்னூலிலே வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தார். ‘இது செய்வாயா?’ என்னும் ஏவல் வினாவுக்கு உரையாசிரியர் காட்டும் நேர்விடை ‘செய்வேன்’ என்பது. மறைவிடை ‘செய்யேன்’ என்பது. இரண்டும் வினையையே மீண்டும் சொல்கின்றன என்பது மனங்கொள்ளத்தக்கது. எமது பேச்சும் அவ்வாறே. ‘பால் விடட்டோ?’ எனக் கேட்டால் ‘விடுங்கோ’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்வோமேயன்றி, ‘இல்லை’ என எவரும் வாளா சொல்வதில்லை. ‘இல்லை’ என்பது இன்மையையும் நிகழாமையையும் குறிக்குஞ் சொல். விலக்குதற்குரிய சொல் ‘வேண்டாம்’ என்பது. ‘கோப்பை அழிக்கட்டுமா?’ என்னும் வினாவின்கீழ் ‘இல்லை’ என எழுதுவது ஆங்கிலத்தின் நிழலே. ‘சேமிக்காமல் மூடவா?’ என எதிர்மறையில் வினவிவிட்டு ‘ஆம், இல்லை’ என நிறுத்தினாலோ, பயனர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சிறிது நேரம் அமர்ந்திருக்க வேண்டியதுதான். ‘சேமி’, ‘சேமிக்காமல் மூடு’, ‘திரும்பிச் செல்’ என்றிருப்பின் வினாவை வாசிக்காமலே விடையை அறியலாம். வினாவை எவரும் முழுமையாக வாசிப்பதில்லை என்பதைச் செய்நிரலாளர் தம் அனுபவத்திலேயே அறிவர். ஏனெனில் அவர்களும் வாசிப்பதில்லை.

இஃது இலக்கணப் பற்றினால் எழுந்த நுண்ணாராய்ச்சி எனச் சிலர் நகைக்கலாம். அவர்கள் 2018 ஜனவரி 13 ஆந் திகதி ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்ததை நினைவுகூர்வாராக. ஏவுகணை ஒன்று வந்துகொண்டிருக்கின்றது, இது ஒத்திகையன்று என்னும் அறிவித்தல் அன்று காலை மக்களின் கைபேசிகளுக்குச் சென்றது. அது பொய்யென்னும் திருத்தம் அதே வழியில் 38 நிமிடங்களின் பின்னரே சென்றது. அறிவித்தலை அனுப்பிய அலுவலர் அதனை மெய்யான தாக்குதல் என்றே நம்பினார் என விசாரணை அறிக்கை கூறுகின்றது. எனவே பொத்தானே காரணம் என நான் வாதிட முன்வரவில்லை. ஆனால் அவ்வறிக்கை வேறொன்றையும் கூறுகின்றது. ஒத்திகையாயினும் மெய்யாயினும், அறிவித்தலை அனுப்புவது உறுதிதானா என்னும் ஒரே வாசகத்தையே அச்செய்நிரல் காட்டிற்று. அவர் ‘ஆம்’ என அழுத்தினார். ஒத்திகைக்கும் அழுத்தப்படும் அதே ‘ஆம்’. ‘மக்கள் அனைவருக்கும் மெய்யான எச்சரிக்கையை அனுப்பு’ என அப்பொத்தானில் எழுதியிருந்தால் அவர் தயங்கியிருப்பாரோ என்பதை எவராலும் சொல்ல முடியாது. தயங்குவதற்கு ஒரு வாய்ப்பேனும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதைச் சொல்லலாம்.

எதிர்த்தரப்பின் வாதங்களுள் வலுவானது ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. ஆயத்தமான பொத்தான்கள் எங்கும் ஒரே சொல்லுடன், ஒரே வரிசையில் வருவதால் பயனர் அவற்றைப் பழகிக்கொள்கின்றனர். மேலும், இயங்குதளமே அவற்றைப் பயனரின் மொழியிற் காட்டிவிடுவதால் மொழிபெயர்ப்புச் செலவும் இல்லை. தாமாக எழுதும் சொற்களையோ ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே ஆக்கவேண்டும் என்பது அவ்வாதம். பழக்கம் என்பதைப் பொறுத்தவரை, பழகிப்போன கைதான் என் தாயாரின் திகதியை நீக்கியது. மொழி என்பதைப் பொறுத்தவரை, மெசேஜ்பொக்ஸ் தன் பொத்தான்களைச் செய்நிரலின் மொழியிலன்றி இயங்குதளத்தின் மொழியிலேயே காட்டும். நான் கண்ட அலுவலகக் கணினிகளில் இயங்குதளம் ஆங்கிலத்திலேயே நிறுவப்பட்டிருந்தது. விளைவு யாது? வினா தமிழில், விடை ஆங்கிலத்தில். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய ஒரு நாட்டில், தமிழில் வினவப்பட்டவர் ஆங்கிலத்திலே விடையளிக்க நேர்வதைச் சிக்கனம் எனப் போற்றுவோர் போற்றட்டும்.

மொழிபெயர்ப்பை ஈற்றுக்குத் தள்ளிவைப்பதால் விளையும் கேடு இன்னொன்று உண்டு. அது தமிழுக்கே உரியது. எனவே ஆங்கில நூல்களிற் பெரும்பாலும் பேசப்படாதது. ஆங்கிலத்தில் எதிர்மறை முன்னே வரும்; தமிழில் அது பின்னே வரும். ஆங்கிலச் சொல்லை அளவுகோலாகக் கொண்டு பொத்தானின் அகலத்தைப் புள்ளிக்கணக்கில் நிலையாக வகுத்துவிட்டுப் பின்னர் தமிழை அதற்குள் திணித்தால், வெட்டுண்பது சொல்லின் ஈறு. ‘அழிக்க வேண்டாம்’ என்னும் பொத்தான் திரையில் ‘அழிக்க’ என நிற்கும். மறுப்பு வெட்டுண்டு, கட்டளை எஞ்சும். ஆங்கிலத்தில் இவ்வாறு வெட்டுண்டால் மறுப்பாவது எஞ்சியிருக்கும். இதற்குப் பரிகாரம் மொழிபெயர்ப்பாளரிடம் இல்லை. சொல்லின் நீளத்துக்கேற்பத் தாமே விரியும் இடவமைப்பு முறைகளைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தும் செய்நிரலாளரிடமே உண்டு. ஒப்பனை என இகழப்பட்ட விடயம் ஈண்டு செய்நிரலின் அடித்தளத்துக்கே சென்றுவிடுவதைக் காண்க.

செயலின் பக்கத்திலிருந்தும் இதனை நோக்குதல் வேண்டும். சுவிங் தொகுதியிலே, பொத்தானுக்கெனச் செயற்கட்டளைச் சொல் ஒன்றை நாம் தனியே கொடாவிடின், அதன்மேலுள்ள எழுத்தையே அது அடையாளமாகக் கொள்ளும். மாணவர் பலர் இதனை ஒரு வசதியெனக் கருதி, அழுத்தப்பட்ட பொத்தானின் சொல் ஆங்கிலத்தில் ‘சேவ்’ என்பதற்குச் சமமாயின் சேமிக்க, என எழுதிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் அது செவ்வனே இயங்கும். சொல்லைத் தமிழாக்கிய மறுகணம் பொத்தான் ஊமையாகிவிடும். வழு எதுவும் திரையிற் தோன்றாது. அழுத்துவார், ஒன்றும் நிகழாது. ஒப்பிடும் சொல்லையும் தமிழில் எழுதிவிட்டாற் போதும் என எண்ணுவோர்க்கு மேலுமொரு பொறி காத்திருக்கின்றது. யுனிகோட் முறையில் ‘தொடர்’ என்பதன் முதலெழுத்தை இருவகையாகக் குறிக்கலாம்: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினியின் நேரடி ஒப்பீட்டுக்கு வெவ்வேறு. ஆதலின் பொத்தானின் பெயர் வேறு, அதன் அடையாளம் வேறு எனத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளல் வேண்டும். பெயர் மனிதருக்கு, அது மொழிக்கு மொழி மாறும். அடையாளம் செய்நிரலுக்கு, அது மாறாது.

பைதன் மொழியின் டிகின்டர் தொகுதியில் மாணவர் இடறும் இடங்கள் வேறு. பொத்தானை ஆக்கும்போது செயற்கூற்றின் பெயரை மட்டுமே கொடுத்தல் வேண்டும். பெயரின்பின் அடைப்புக்குறியையும் இட்டுவிட்டால், எவரும் அழுத்துமுன்னரே செயல் நிகழ்ந்துவிடும். அழுத்தும்போதோ எதுவும் நிகழாது. சுழற்சி ஒன்றிலே பத்துப் பொத்தான்களை ஆக்கி, அச்சுழற்சியின் எண்ணையே அவற்றின் செயலுக்கும் பயன்படுத்தினால், பத்துப் பொத்தான்களும் ஈற்றெண்ணுக்குரிய செயலையே செய்யும். பெயர்கள் பத்து, செயல் ஒன்று. பரீட்சார்த்த வகுப்புகளில் இவ்வழுக்களைச் சிரித்துக்கொண்டே திருத்துகின்றோம். பொத்தானின் சொல் பொய்யாகிவிட்டது என்னும் கோணத்தில் அவற்றை நோக்கினால் அச்சிரிப்பு வராது.

1979 மார்ச் 28 இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்தை இவ்விடத்தில் நினைப்பது மிகையன்று. அங்கு திறந்தபடியே சிக்கிக்கொண்ட வால்வு ஒன்றினூடாகக் குளிர்த்தும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டறையின் விளக்கோ, ‘மூடு’ என்னும் கட்டளை சென்றதையே காட்டிற்று. வால்வு மூடியதை அன்று. இயக்குநர் விளக்கை நம்பினர். அழுத்திய கணமே ‘சேமிக்கப்பட்டது’ என எழுத்தை மாற்றிவிட்டுப் பின்னர் ஆறுதலாகச் சேமிக்க முயலும் எமது பொத்தான்கள் செய்வதும் இதனையே. செயல் நிறைவேறிய பின்னரே சொல் மாறவேண்டும்.

‘சேமி’ என்பதா, ‘சேமிக்க’ என்பதா, ‘சேமிக்கவும்’ என்பதா என்னும் வழக்கும் தீர்க்கப்படாதுள்ளது. மரியாதை கருதிப் பலர் ‘சேமிக்கவும்’ என எழுதுகின்றனர். எவர் எவருக்குச் சொல்கின்றார் என்பதை அவர்கள் எண்ணவில்லை போலும். வாயிற்கதவில் ‘தள்ளவும்’ என எழுதியிருப்பது கதவு எமக்குச் சொல்வது. ஆங்கு மரியாதை வேண்டும். பொத்தானில் உள்ளதோ நாம் கணினிக்கு இடும் ஏவல். கணினிக்கு ‘தாங்கள் சேமிக்கவும்’ என விண்ணப்பிக்க வேண்டிய அவசியம் எவர்க்கும் இல்லை. ஏவலொருமையே பொருந்தும், அது குறுகியதுமாகும். வினாவில் மட்டும் கணினி எம்மிடம் பேசுவதால் அங்கு மரியாதைப்பன்மை வரட்டும்.

விருப்பம்போற் பெயரிடும் உரிமை கொடுத்தால் அதனைத் துர்ப்பிரயோகம் செய்வோரும் உளர் என்பர். உண்மை. ‘வேண்டாம், எனக்குப் பணத்தைச் சேமிக்க விருப்பமில்லை’ என மறுப்பவரை நாணச்செய்யும் பொத்தான்களை வணிகர் இடுகின்றனர். அவர்கள் சொல்லின் வலிமையை நன்கறிந்தவர்கள். சொல் ஒப்பனையே என்பார் அவர்களிடம் சென்று கேட்கட்டும். இன்னுஞ் சிலர், உறுதிப்படுத்தும் வினாக்களையே ஒழித்துவிட்டு, செய்ததை மீட்கும் வழியைக் கொடுத்தாற் போதுமென்பர். ஜெவ் ரஸ்கின் 2000 இல் வெளியிட்ட நூலில் இதனை வன்மையாக வாதிட்டுள்ளார். வழக்கமாகிவிட்ட ‘ஆம்’ எதையும் தடுப்பதில்லை என்பது அவர் கருத்து. எனக்கு அதில் உடன்பாடே. ஆயினும் மீட்கமுடியாத செயல்கள் உலகில் உள்ளனவரை வினாவும் இருக்கும். மீட்கும் பொத்தானுக்கும் ஒரு பெயர் வேண்டும்.

இறுதியாண்டுச் செயற்றிட்ட அறிக்கைகளிலே தரவுத்தளத்தின் படங்கள் பக்கம்பக்கமாக இணைக்கப்படுகின்றன. அவற்றோடு ஒரு பட்டியலையும் கட்டாயமாக்குமாறு விரிவுரையாளர்களைக் கேட்டுக்கொள்கின்றேன். செய்நிரலில் உள்ள ஒவ்வொரு பொத்தானின் சொல் மூன்று மொழிகளிலும், அது நிகழ்த்தும் செயல், அச்செயலை மீட்கலாமா என்பது, அதே சொல் வேறெங்கேனும் வேறு பொருளில் வருகின்றதா என்பது ஆகியன அப்பட்டியலில் இடம்பெறல் வேண்டும். அதனைச் செய்நிரலாக்கம் அறியாத தமிழ்த்துறை மாணவர் ஒருவர் வாசித்துக் கையொப்பமிடட்டும். இதற்குப் புள்ளிகளும் வழங்கப்படுதல் வேண்டும்; பத்துப் புள்ளிகளாவது.

அம்மா இப்பொழுதும் அதே கிளினிக்குக்குத்தான் போய்வருகின்றார். திரையைப் பார்த்து அவர்கள் திகதியைச் சொன்னதும், அதனைக் கிளினிக் கொப்பியிற் பேனையால் எழுதித் தரும்படி கேட்பார். பதிவுமேசையிலிருக்கும் அந்த இளைஞரும் மறுக்காமல் எழுதிக் கொடுக்கின்றார்.